புங்கமரத்து முயல்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலை பஸ்ஸில் உட்கார இடமில்லை. புதுக்கோட்டை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். லேபில் காய்ச்சல் கூட்டம். நாற்பது பேருக்கு மேல் ரத்தம் எடுத்திருப்பேன். சோறு பிசையும்போதும் கையில் ஸ்பிரிட் வாசனை.

மூன்று பேருக்குக் கர்ப்பப் பரிசோதனை. மூன்றும் பாசிட்டிவ். என்னோடு வேலை பார்க்கும் பாசிலாவுக்கு இருபத்து மூன்று வயது. "ரீட்டாக்கா கைராசி, ஊசி போட்டா குழந்தைதான்" என்று வந்தவர்களிடமே சொல்கிறாள். நல்ல மனசோடுதான் சொல்கிறாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம்.

மத்தியானம் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன். உறைய வைத்திருக்கும் கரு இன்னும் இரண்டு பாக்கி, அடுத்த மாதம் ஒன்றை வைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. முன்னால் வைத்தவை எதுவும் நிற்கவில்லை. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, போன் போட்டுச் சொன்னேன். எங்கோ கரண்ட் லைன் வேலையில் இருந்தார், ஒரே காற்றுச் சத்தம். "சரி ரீட்டா, பாத்துக்கலாம். போஸ்ட்ட விட்டு எறங்கிட்டுக் கூப்புடுறேன்" என்றார். கூப்பிடவில்லை. மறந்திருக்க மாட்டார். என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து வந்து தகரப்பெட்டியைத் திறந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெயில் காட்டி, வேப்பிலை மாற்றி வைப்பேன். கல்யாணச் சீரோடு வந்த பெட்டி. அன்று பட்டுச்சேலை இருக்கும் என்று திறந்து பார்த்த இவர் வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே ஐந்து பஞ்சுப் பொம்மைகள். "பொண்ணு இன்னும் பால்குடி மறக்கலையா" என்று ஒரு பெரியம்மா கேட்டார். என் மாமியார் வியாகுலமேரி மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கட்டுமே, நாளைக்கு ஒரு பிள்ளை வெளாடாதா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அத்தையை எனக்குப் பிடித்துப்போனது.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, லீவுக்கு ஒரு பொம்மை. என் சின்ன வயதில் அப்பா எத்தனை தடவை வீட்டில் இருந்தார் என்று கேட்டால் பொம்மைகளைத்தான் எண்ணிச் சொல்லவேண்டும்.

ஞானஸ்நானம் வாங்காமல் செத்தால் மோட்சம் கிடையாது என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பயம். கீரமங்கலம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியில் முக்கி, வந்தவற்றுக்கெல்லாம் நானே கொடுத்தேன். கரடிக்கு மிக்கேல். யானைக்கு இராயப்பர். வாத்துக்குச் சின்னப்பர். நாய்க்கு இன்னாசி. முயலுக்குச் சூசை. மிக்கேல் காய நாலு நாள் ஆனது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மற்ற நாலும் இன்றைக்கும் கடையில் வாங்கினது மாதிரி இருக்கின்றன. சூசையைப் பார்த்தால்தான் பரிதாபம். வெள்ளை முயல் என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு கண்ணுக்குப் பதில் அப்பாவின் சட்டைப் பொத்தான். இடது காதை நான் சப்பிச் சப்பியே பிய்த்து, அம்மா நீல நூலால் மூன்று தடவை தைத்திருக்கிறாள். வயிற்றில் பஞ்சு கட்டி கட்டியாகக் கிடக்கிறது. எட்டு வயது வரை அது இல்லாமல் தூங்கியதில்லை. லேப் படிப்புக்கு ஹாஸ்டலில் இருந்தபோதும் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பதினெட்டு வயதில்.

முகர்ந்து பார்த்தேன். வேப்பிலை வாசனைக்குக் கீழே பழைய வாசனை இருக்கத்தான் செய்கிறது — எச்சிலும் தேங்காயெண்ணெயும். ஒரு பிள்ளை வந்தால் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன். இத்தனை வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்த நாள். பஸ் ஸ்டாப் பக்கத்துச் சிற்றாலயத்தில் திருவிழாப் பூசை. நல்ல கூட்டம். உள்ளே இடமில்லாமல் புங்கமரத்தடியில் நின்றேன்.

அந்த மரம் முழுக்கத் தொட்டில்கள். பிள்ளை இல்லாதவர்கள் நேர்ந்துகொண்டு ஒரு சின்னத் தொட்டிலில் பொம்மையை வைத்துக் கிளையில் கட்டுவார்கள். கட்டினால் கட்டினதுதான். பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துதான் அவிழ்க்கவேண்டும். பிறக்காவிட்டால் அது பாட்டுக்குத் தொங்கிக் கிடக்கும். நான் ஒருநாளும் கட்டியதில்லை. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு திமிர்.

சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். ஒரு புது நீலத் துணித் தொட்டில். அதற்கு வெளியே ஒரு காது. நீல நூலில் தைத்த காது.

மீதிப் பூசையில் என்ன நடந்தது என்று தெரியாது.

9 செப்டம்பர், திங்கள்

லீவு போட்டுவிட்டேன். இதுவரை அத்தையிடம் குரல் உயர்த்தியதில்லை. நேற்று உயர்த்திவிட்டேன்.

அத்தை திருதிருவென்று விழித்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார், அதுதான் கொடுமை. "கடைப் பொம்மையக் கட்டுனாப் பலிக்காதாம்மா. கேக்குறவ, தான் பிள்ளையா இருக்கையில வச்சு வெளாண்டதக் கட்டணும்னு சொன்னாங்க. நல்லா இருந்த நாலையும் நான் தொடவே இல்ல ஆத்தா. இது ஒண்ணுதான் கண்ணு ஒரு பக்கம் காது ஒரு பக்கம் பிஞ்சு கெடந்துச்சு. இது போனா ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எடுத்தேன்."

ரொம்பப் பிரியமாக வைத்திருந்ததால்தான் அது பிய்ந்து கிடக்கிறது என்று எப்படிச் சொல்ல? நல்லா இருக்கிற நாலையும் நான் அவ்வளவாகக் கொஞ்சவில்லை அத்தை, அதனால்தான் நல்லா இருக்கின்றன. கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? என் பெட்டிய நான் இல்லாதப்ப எதுக்குத் தொறக்கணும்? அழுகையில் இதெல்லாம் கத்தினேன்.

அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நானும் சாப்பிடவில்லை. இவர் இரண்டு தட்டையும் எடுத்து மூடி வைத்தார்.

12 செப்டம்பர், வியாழன்

இவர் வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் அவரே சொன்னார். "நாளைக்கு டூட்டிக்குப் போறப்ப ஏணி கொண்டுட்டுப் போவேன். அஞ்சு நிமிச வேலை. அம்மாக்குச் சொல்ல வேணாம். பதிலுக்கு ஒரு பொம்மைய வச்சு விட்டுருவோம்."

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு பிள்ளை இல்லையே என்றுதான் எனக்கு அழுகை வருகிறது. சரி என்றேன். சின்னப்பர் வாத்தை எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

13 செப்டம்பர், வெள்ளி

காலை ஏழரைக்குத் திருச்சியிலிருந்து போன். 24ஆம் தேதி வைக்கிறார்கள்.

இவர் ஏணியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "வேணாங்க, இருக்கட்டும்" என்றேன். அவர் ஏணியை இறக்கி வைத்தார். வாத்துப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் பி.எஸ்ஸி. படித்தவள். கரு ஒட்டுவதும் ஒட்டாததும் எதனால் என்று எனக்குத் தெரியும். மரத்தில் கட்டிய முயலுக்கும் கர்ப்பப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் நேர்ந்ததை அவிழ்த்த பிறகு இதுவும் நிற்காமல் போனால் — அதைத் தாங்க என்னால் முடியாது. இவ்வளவுதான் என் படிப்பு.

24 செப்டம்பர், செவ்வாய்

வைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகை விடச் சின்னது. "நம்ம ஆளு" என்றார் இவர்.

3 அக்டோபர், வியாழன்

பஸ் ஸ்டாப்பில் நின்றால் நேர் எதிரே மரம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய்ப் பார்க்கிறேன். தொட்டில் காற்றுக்குத் திரும்பித் திரும்பி ஆடுகிறது. சில நாள் முதுகு தெரியும், சில நாள் பொத்தான் கண் தெரியும். இன்று பொத்தான் கண். நல்ல சகுனம் என்று மனசு சொன்னது. இந்த லட்சணத்தில் நான் அத்தையைக் குறை சொல்கிறேன்.

8 அக்டோபர், செவ்வாய்

ரத்தத்தைப் பாசிலா எடுத்தாள். டியூப்பில் என் பேரை ஒட்டும்போது அவள் வாய் ஏதோ ஓதியது. மெஷினில் நானே வைத்தேன். முடிவு வர நாற்பது நிமிஷம். அதற்குள் இரண்டு சுகர், ஒரு கொழுப்பு எடுத்தேன்.

1.2.

ஐந்துக்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை. எத்தனை பெண்களிடம் இந்தப் பேப்பரை நீட்டி, "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்று சொல்லியிருப்பேன். பாசிலா எனக்கு அதைச் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போனதும் எடுத்துக் கொட்டிவிட்டு இன்னொன்று வாங்கி வந்தாள்.

9 அக்டோபர், புதன்

வேலைக்குப் போனேன்.

20 அக்டோபர், ஞாயிறு

முயலை இப்போது எடுத்துவிடலாமே என்று நானே பேச்சை ஆரம்பித்தேன். இவர் அத்தை முகத்தைப் பார்த்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இன்னும் ஒண்ணு இருக்குல்ல ஆத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதற்கு மேல் என்ன பேச. இன்னும் ஒன்று இருக்கிறது.

நடக்காத காரியங்களுக்குப் பாதுகாவலி புனித ரீட்டா என்பார்கள். என் காரியம் நடக்காது என்று தெரிந்தே அப்பா பேர் வைத்தாரோ என்னவோ.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். கீரமங்கலம் போய் அப்பா அம்மா கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்தோம். காற்றில் திரி நிற்கவில்லை. இவர் செங்கல் வைத்து மறைத்துக் கட்டினார்.

அப்பா முதல் லீவுக்கு வந்தபோது எனக்கு மூன்று வயது. ஆளை அடையாளம் தெரியவில்லை. அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டேன். அப்பா என்னைக் கூப்பிடவே இல்லையாம். வாசற்படியில் உட்கார்ந்து பையிலிருந்து முயலை எடுத்துத் தரையில் வைத்து, குதிக்க வைத்துக் குதிக்க வைத்து என் கிட்டே கொண்டு வந்தாராம். நான் முயலைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி அம்மாவிடமே ஓடிவிட்டேன். அப்பாவிடம் போக நாலு நாள் ஆனது. அதற்குள் லீவில் நாலு நாள் போய்விட்டது என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார்.

அப்பாவைப் பற்றிய முதல் ஞாபகம் எது என்று யோசித்தால் முகம் வருவதில்லை. சிமெண்டு ஏறிய கை, அந்தக் கைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு முயல். அதைப் போய் மழையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

27 நவம்பர், புதன்

மூன்று நாளாக அடைமழை. லேபுக்குக் கூட்டமில்லை, ஓனர் கண்ணுசாமி சார் சீக்கிரமே ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டார். நாலு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினேன். தொட்டில் துணி ஊறி, கனம் தாங்காமல் கீழே இறங்கியிருந்தது. சூசையின் தலை பாதி வெளியே. காதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

குடையோடு மரத்தடியில் நின்றேன். எட்டி எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. குடையின் வளைந்த பிடியால் இழுத்துப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் எங்கள் ஆவூர்ப் பக்கமெல்லாம் கதை பரவியிருக்கும்.

இவருக்குப் போன் போட்டேன். "எடுக்க வேணாம். நனையாம மட்டும் எதாச்சும் பண்ணுங்க." எனக்கே கேவலமாக இருந்தது. மழையில் மூன்று கம்பம் சாய்ந்து அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் வந்தார். ரெயின்கோட்டோடு ஏணி போட்டு ஏறி, தொட்டிலை இறுக்கிக் கட்டி, முயலுக்கு ஒரு ஜவுளிக்கடை கவரைத் தலைவழியாக மாட்டினார். மேலேயிருந்து, "மூச்சு விட ஓட்டை போடவா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். மழையில் இரண்டு பேரும் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, அவர் என்னை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தார்.

வீட்டு வாசலில் அத்தை துண்டோடு நின்றார். என் தலையைத் துவட்டிவிட்டார்.

25 டிசம்பர், புதன்

எல்லார் வீட்டிலிருந்தும் பலகாரம் வந்தது. நாங்களும் கொடுத்தனுப்பினோம்.

7 ஜனவரி 2025, செவ்வாய்

கடைசிக் கருவையும் வைத்தாகிவிட்டது. இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அத்தை என்னைக் கரும்பு கடிக்கக்கூட விடவில்லை. வெட்டித் துண்டாக்கித் தட்டில் கொண்டு வந்தார். பல்லால் இழுத்தால் வயிறு இழுக்குமாம். சரி என்று சாப்பிட்டேன். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சரிதான்.

21 ஜனவரி, செவ்வாய்

61.

மெஷின் தப்பு என்று நினைத்து இரண்டாவது தடவை போட்டேன். 60.4. பாசிலா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணுசாமி சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவை. அறுபத்தொன்று. எண்ணைப் பேப்பரில் எழுதி மடித்துப் பர்ஸில் வைத்தேன். பஸ்ஸில் நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

22 ஜனவரி, புதன்

அத்தையிடம் சொல்லவேண்டாம், நாளை இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, எண் இரட்டிப்பாகவேண்டும் என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷனால் முடியவில்லை. காலை இட்லிக்கு உட்கார்ந்தவர் அத்தை முகத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

அத்தை தன் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உளுந்தங்கஞ்சி வைத்தார். "கிழிஞ்சதுதான் பலிச்சிருக்கு பாத்தியா" என்று என் கன்னத்தைத் தொட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை. அத்தைக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி மரத்தடியில் நின்று கும்பிட்டேன். மாதாவையா, கவர் மாட்டிய முயலையா — தெரியாது. பிள்ளையோடு வந்து அவிழ்த்துக்கொள்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அக்டோபரில் வந்துவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழைக்கு முன்னால்.

23 ஜனவரி, வியாழன்

37.

இரண்டாவது தடவை போடவில்லை.

25 ஜனவரி, சனி

ஆரம்பித்துவிட்டது. எல்லா மாதமும் போலத்தான். ஒரு வித்தியாசமும் இல்லை.

26 ஜனவரி, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த இரண்டு நாள் எதுக்கு? எதுக்குக் குடுத்துப் புடுங்கணும்? கேக்காமயே இருந்திருப்பேனே. யாரைக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

திருச்சி போய் வந்தோம். டாக்டரம்மா வழவழவென்று பேசவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்லவேண்டும். என் முட்டை இனிமேல் உதவாது. வேறு ஒரு பெண்ணின் முட்டை என்றால் பார்க்கலாம் என்றார். இவர், "போதும் மேடம், இவ ஒடம்புல இனிமே ஊசி குத்த எடமில்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே பேசிய ஒரே முழு வாக்கியம்.

தத்து எடுப்பதைப் பற்றி வரும் வழியில் நான் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிந்து வைத்ததை அவர் ஞாபகப்படுத்தினார். அதற்கும் வரிசை நகரவில்லை. இன்னும் நாலு வருஷம், அஞ்சு வருஷம் என்கிறார்கள். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று, இவருக்கு நாற்பத்தெட்டு. வயதைக் காரணம் சொல்லிக் கைக்குழந்தை தரமாட்டார்கள். விராலிமலை வந்ததும் டீ குடித்தோம்.

10 பிப்ரவரி, திங்கள்

அத்தை என்னிடம் ரொம்ப மரியாதையாக இருக்கிறார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

பூசைக்கு நான் போகவில்லை. அத்தை தனியாகப் போய், எப்போதும் வரும் நேரத்துக்கு வரவில்லை. பத்தரைக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை கவர்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து கவரைப் பாயில் வைத்தார். "சாமியார்ட்ட கேட்டுட்டுத்தாம்மா எறக்குனேன். கோயில் வேலை பாக்குற அருள்மணிதான் ஏறி அவுத்துக் குடுத்தான். ஒன்னோடது ஒன்கிட்டயே இருக்கட்டும்."

கவருக்குள் கை விட்டேன். கவர் போட்டும் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. வயிற்றுப் பஞ்சு உளுத்து, கை வைத்ததும் அமுங்கிவிட்டது. காதில் நீல நூல் மட்டும் அப்படியே. பொத்தான் கண்ணைக் காணோம்.

ஐந்து மாதமாக இதைத்தான் கேட்டேன். எத்தனை நாள் இவரை ஏணி எடுக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று நிறுத்தியிருப்பேன். கையில் வாங்கினதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எதுக்கு அத்தை எறக்குனீங்க? பிள்ளையோட போய்த்தான அவுக்கணும்? நீங்கதான சொன்னீங்க? இப்ப அவுத்தா எப்படி?" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். மறுபடி போய்க் கட்டச் சொன்னேன். இன்றைக்கே, இப்போதே. முயலைக் கவரில் திணித்து அவர் மடியில் வைத்தேன்.

அத்தை வாங்கவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே, "இனி அவுத்தா என்ன, அவுக்காட்டி என்ன ஆத்தா" என்றார்.

டாக்டரம்மா சொன்னபோது நான் நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெஷின் காட்டிய எண்ணை நம்பவில்லை, இவர் போதும் என்றதை நம்பவில்லை. இந்த வீட்டில் ஒருத்தி மாதாவிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில் நான் எல்லாவற்றையும் நம்பாமல் இருந்திருக்கிறேன். அவரே இறக்கிக் கொண்டு வந்துவிட்டார்.

18 பிப்ரவரி, செவ்வாய்

லேபில் இரண்டு பாசிட்டிவ். ஒன்று கீரனூர்ப் பெண், பத்தொன்பது வயது. அவளிடம் பாசிலாவைச் சொல்லச் சொன்னேன்.

22 பிப்ரவரி, சனி

லேபுக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். காலையில் அத்தை தகரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தத் தடவை கேட்டார். "அதத் தொறக்கவாம்மா? உள்ளயே கெடந்து பூச்சி அரிச்சிரும். எந்தப் பிள்ளைக்காவது ஆகட்டும்."

சரி என்றேன். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

சோப்புத்தூள் கரைத்து ஒவ்வொன்றாக முக்கினோம். மிக்கேல் அன்றைக்குப் போலவே தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது, இரண்டு பேர் சேர்ந்து பிழிந்தோம். சூசையைப் பிழியவில்லை. பிழிந்தால் பிரிந்துவிடும். தண்ணீரில் அலசி அப்படியே எடுத்தேன். கொடியில் காதுக்கும் வாலுக்கும் கிளிப் மாட்டி ஐந்தையும் வரிசையாகத் தொங்கவிட்டோம். நல்ல வெயில்.

பக்கத்து வீட்டு சொர்ணம் அக்கா பார்த்துவிட்டுச் சுவரோரம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்மா ரீட்டா, எங்கிட்டச் சொல்லவே இல்ல பாத்தியா. எத்தனாவது மாசம்?"

அத்தை கிளிப்பை வாயில் கவ்வியபடி அப்படியே நின்றுவிட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"அதெல்லாம் இல்லக்கா. யாருக்காச்சும் குடுத்துரலாம்னு துவைச்சோம்."

சொர்ணம் அக்கா கொடியைப் பார்த்தார். பிறகு, மகள் வீட்டுப் பேத்திக்கு அந்த யானை கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். காய்ந்ததும் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.